பெட்டிப் பாடத்திட்டம் வாங்குமுன்: வீட்டுக்கல்விக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை

மூன்றாம் வகுப்பு முடித்த கையோடு மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். ஏன் என்பது வேறு கதை. நிறுத்திய இரண்டாம் வாரமே, பதற்றத்தில், 18,000 ரூபாய் கொடுத்து ஒரு வெளிநாட்டுப் பாடத்திட்டத்தைப் பெட்டியாக வரவழைத்தேன். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் காசு என்பது டைம், நிக்கல் என்ற அமெரிக்க நாணயங்கள். நீளம் என்றால் அங்குலம், எடை என்றால் அவுன்ஸ். பருவகாலம் என்ற பாடத்தில் பனிமனிதன் நிற்கிறான். நாங்கள் இருப்பது திண்டுக்கல் பக்கம். பெட்டி இப்போது பரண்மேல் இருக்கிறது.

அந்த ஒரு வருடத்தில் தேடித்தேடிக் கண்டுபிடித்தவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பெரும்பாலும் இலவசம். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கல்வியில் பாடத்திட்டம் தேவைப்படுவது பிள்ளைக்கு இல்லை, நமக்குத்தான். அதனால் பிள்ளைக்கான புத்தகத்தைவிட ஆசிரியருக்கென்று எழுதிய கையேடு எங்கே கிடைக்கும் என்று தேடுங்கள். கீழே நான் சொல்வதில் பாதி அப்படிப்பட்டவை.

1. புத்தகத்துக்கு முன் காகிதம்

பள்ளியை விட்டு வரும்போது டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழை வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் கல்வித்துறையின் கணினிப் பதிவில் ஓர் எண் உண்டு, ஈ.எம்.ஐ.எஸ். எண் என்பார்கள். பள்ளி தன் கணினியில் பிள்ளையை விடுவித்து ‘காமன் பூல்’ என்கிற பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தான் பிறகு வேறு பள்ளி சேர்த்துக்கொள்ள முடியும். எங்களுக்குக் காகிதத்தில் டி.சி. தந்த பள்ளி, கணினியில் பெயரை நீக்க மறந்துவிட்டது. அது தெரியவே எட்டு மாதம் ஆனது. அதைச் சரிசெய்ய நான்கு முறை அலைந்தேன்.

அதனால் டி.சி. வாங்கும் அன்றே அலுவலக அறையில் நின்று, “ஈ.எம்.ஐ.எஸ்-ல விடுவிச்சாச்சா? ஒரு தடவை காட்டுங்க சார்” என்று கேளுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பில் இவை இருக்கட்டும்:

- பிறப்புச் சான்றிதழ், அசலும் மூன்று நகலும்
- ஆதார்
- டி.சி. (நகல் எடுத்த பிறகே யாரிடமும் கொடுங்கள்)
- கடைசி வருட மதிப்பெண் அட்டை
- சாதிச் சான்றிதழ் (கட்டணச் சலுகைக்குப் பின்னால் உதவும்)
- பாஸ்போர்ட் அளவுப் படம் பத்து

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. வீட்டுக்கல்வி என்ற சொல்லே அதில் இல்லை. ஆகவே நாம் ஒரு சாம்பல் நிறப் பகுதியில் நிற்கிறோம், இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பின்போது யாராவது வந்து விசாரிக்கலாம். எங்கள் வீட்டுக்கு ஒருமுறை ஆசிரியப் பயிற்றுநர் ஒருவர் வந்தார். மகளின் நோட்டுகளை அரை மணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டுக் காபி குடித்துப் போனார். நோட்டுகளில் தேதி போட்டு வைத்திருந்தது அன்றைக்குக் கைகொடுத்தது.

அதே சட்டத்தில் நமக்குத் தெம்பு தரும் பிரிவும் இருக்கிறது. எட்டாம் வகுப்புவரை, பிள்ளையை எப்போது வேண்டுமானாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கலாம். டி.சி. தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது. வீட்டில் சரிப்படவில்லை என்றால் திரும்பும் வழி அடைபடவில்லை.

2. முதல் இரண்டு மாதம் எதுவும் வாங்காதீர்கள்

பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள் என்று தெரியாமல் வாங்கும் புத்தகம் எல்லாம் பரணுக்குத்தான் போகும். என் மகள் ஆங்கிலவழியில் மூன்றாம் வகுப்பு. மதிப்பெண் எல்லாம் தொண்ணூறுக்கு மேல். தமிழில் ஒரு பத்தியைத் தடங்கல் இல்லாமல் வாசிக்க வரவில்லை. 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் கடன் வாங்கிக் கழிப்பாள், ஏன் வாங்குகிறாள் என்று தெரியாது.

நிலை அறிய நான் பயன்படுத்தியது தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் பாடப்பொருள். 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை தொடங்கி, பிறகு நான்கு, ஐந்துக்கும் வந்தது. வகுப்பைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையை மூன்றாகப் பிரிக்கிறது. இது நமக்கென்றே செய்தது போல இருக்கும். என் மகள் கணக்கில் மலர், தமிழில் அரும்பு. இரண்டையும் ஒரே வகுப்புப் புத்தகத்தில் தேடியிருந்தால் கிடைத்திருக்காது.

3. ஆசிரியர் கையேட்டைத் தேடி எடுங்கள்

எண்ணும் எழுத்தும் பயிற்சி நூல் பலருக்குத் தெரியும். அதனுடன் வரும் ஆசிரியர் கையேடு பற்றி வெளியில் பேச்சே இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் என்ன பாட்டு, என்ன விளையாட்டு, என்ன கேள்வி என்று எழுதியிருப்பார்கள். இணையத்தில் ‘எண்ணும் எழுத்தும் ஆசிரியர் கையேடு’ என்று பருவத்தையும் வகுப்பையும் சேர்த்துத் தேடினால் பி.டி.எஃப். கிடைக்கும். முப்பது பிள்ளைகளுக்காக எழுதியது என்பதால் குழு விளையாட்டுகளை வீட்டுக்கேற்ப மாற்ற வேண்டும். நான், அவள், பாட்டி என்று மூன்று பேரை வைத்தே பல விளையாட்டுகளை ஓட்டிவிட்டோம்.

அரசுப் பாடநூல்களும் பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசம். அச்சு நூல் வேண்டுமென்றால் சென்னை கல்லூரிச் சாலையில், இன்னும் எல்லோரும் டி.பி.ஐ. என்றே சொல்லும் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தில் வாங்கலாம். பழைய மாணவர்களிடம் கேட்டால் சும்மாவே தருவார்கள். பாடத்தின் ஓரத்தில் இருக்கும் கியூ.ஆர். குறியீட்டை அரசின் திக்‌ஷா செயலியில் காட்டினால் காணொலி வரும். தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும், எல்லாவற்றையும் பார்க்க உட்காராதீர்கள்.

4. தமிழ் வாசிப்புக்கு

பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் நடத்தும் ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதைத் தளம் 2015 முதல் இருக்கிறது. கதைகள் நான்கு நிலையில் இருக்கும். முதல் நிலையில் பக்கத்துக்கு ஒரு வரிதான், நான்காம் நிலையில் தானே உட்கார்ந்து வாசிக்கும் அளவுக்கு நீளம். திறந்த உரிமத்தில் இருப்பதால் பதிவிறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதால் சில கதைகளின் தமிழ் கரடுமுரடு. நான் முதலில் இருபது கதையை அப்படியே அச்செடுத்துவிட்டேன். அதில் ஏழு கதையைக் குப்பையில் போட்டேன். வெளியிட்டவர் பிரதம் புக்ஸ்தானா என்று பாருங்கள், அச்செடுக்குமுன் ஒருமுறை நீங்களே வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் நாக்கு தடுக்கினால் பிள்ளைக்கும் தடுக்கும்.

எழுத்தே தெரியாத நிலையிலிருந்து தொடங்குபவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம். மழலைக்கல்விப் பகுதியில் ஒலியோடு பாட்டு, கதை, எழுத்துப் பயிற்சி. அதற்குமேல் சான்றிதழ்க் கல்வி. வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது. ஆனால் நம்மூர் ஆங்கிலவழிப் பிள்ளைக்கும் அதே மருந்துதான் தேவைப்படுகிறது என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பாடங்களைப் பார்க்கக் காசு இல்லை, சான்றிதழும் தேர்வும் வேண்டுமென்றால்தான் கட்டணம். பக்கங்களின் தோற்றம் பழையது, அதற்காக மூடிவிடாதீர்கள்.

5. கணக்குக்கு ஒரு மணிமாலை

டெல்லியில் ஜோடோ கியான் என்ற அமைப்பு கணக்குப் பொருள்கள் செய்கிறது. அவர்களுடைய ‘கணித்மாலா’ என்பது நூறு மணிகள் கோத்த ஒரு சரம். பத்து மணி ஒரு நிறம், அடுத்த பத்து வேறு நிறம், இப்படியே மாறி மாறி. அவ்வளவுதான். வாங்கலாம், நான் ஃபேன்சி ஸ்டோரில் 80 ரூபாய்க்கு மணி வாங்கி நைலான் கயிற்றில் கோத்தேன். துளை சிறியதாக இருந்தால் மணி நகராது, கயிற்றைக் கையோடு எடுத்துப் போய்க் கோத்துப் பார்த்து வாங்குங்கள்.

சுவரில் ஆணியடித்துக் கட்டிவிட்டு, 47 எங்கே என்று கேளுங்கள். முதலில் ஒவ்வொன்றாக எண்ணுவாள். இரண்டு வாரத்தில் நான்கு நிறம் தாண்டி ஏழு என்று விரல் நேரே போகும். 47-உடன் 25 கூட்டச் சொன்னால், மூன்று மணி நகர்ந்து 50-க்குப் போய், மிச்சம் 22 என்று தானாகவே கண்டுபிடித்தாள். கடன் வாங்கும் கழித்தல் ஏன் என்பதும் இந்தக் கயிற்றில்தான் புரிந்தது. பெருக்கலுக்குப் பல்லாங்குழியும் புளியங்கொட்டையும். ஒவ்வொரு குழியிலும் ஆறு கொட்டை என்றால், ஏழு குழியில் எவ்வளவு? பரணில் தூங்கும் பெட்டியில் இதற்கென்றே பிளாஸ்டிக் வில்லைகள் இருந்தன, சொன்னால் வயிற்றெரிச்சல்.

6. அறிவியல்

இங்கேதான் எனக்குப் புதையல் கிடைத்தது. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழே ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. அவர்கள் தொடக்க வகுப்புகளுக்கு ‘ஸ்மால் சயின்ஸ்’ என்ற வரிசையை எழுதியிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து பாடநூல், பயிற்சி நூல், ஆசிரியர் நூல் என்று வகுப்புக்கு மூன்று. மின்வடிவத்தை மையத்தின் தளத்திலிருந்து எடுக்கலாம். மினி, அப்பு என்று இரண்டு பிள்ளைகள் பாடம் முழுக்கக் கேள்வி கேட்டுக்கொண்டே வருவார்கள். வரையறை, மனப்பாடம் கிடையாது. முதலில் பார், வரை, அள, பிறகு பேசலாம் என்பதுதான் முறை.

நான் எடுத்தது ஆங்கிலப் பதிப்பு. ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நான் தமிழில் கேட்டேன், அவள் பயிற்சி நூலில் தமிழிலேயே எழுதினாள். ஆசிரியர் நூலை முதல்நாள் இரவே வாசித்துவிடுங்கள், அதில்தான் ‘பிள்ளைகள் இங்கே இப்படித் தப்பாக நினைப்பார்கள்’ என்ற குறிப்புகள் இருக்கின்றன. எனக்கே பல இடங்களில் அந்தத் தப்பான நினைப்பு இருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் போதும். ஒரு வகுப்பு நூலை முடிக்க எங்களுக்குப் பதினோரு மாதம் பிடித்தது.

அடுத்தது அரவிந்த் குப்தாவின் பொம்மைகள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர், குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்வதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் பெயரிலுள்ள தளத்தில் படங்களோடு செய்முறைகளும் காணொலிகளும், பல மொழிப் புத்தகங்களும் இலவசமாகக் குவிந்திருக்கின்றன. தமிழிலும் உண்டு. ஆனால் குவியலாக இருப்பதே சிக்கல், உள்ளே போனால் தொலைந்துவிடுவோம். தீக்குச்சியிலிருந்து தொடங்குங்கள்.

சைக்கிள் கடையில் வால்வு டியூப் கேளுங்கள். மெல்லிய ரப்பர்க் குழாய். எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணன், “இது இப்ப யாருக்கும்மா வேணும்” என்று சிரித்துக்கொண்டே ஒரு சுருளை எடுத்து 20 ரூபாய்க்குக் கொடுத்தார். ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, இரு முனையிலும் தீக்குச்சியைச் செருகினால் மூட்டு தயார். குச்சியின் மருந்தைப் பெரியவர்களே முதலில் தண்ணீரில் நனைத்துச் சுரண்டிவிட வேண்டும். மூன்று குச்சி சேர்த்தால் முக்கோணம், அமுக்கினாலும் அசையாது. நான்கு சேர்த்தால் சதுரம், தொட்டால் சரிந்து போகும். குறுக்கே ஒரு நீளக் குச்சி வைத்தால் நின்றுவிடும். செல்போன் கோபுரத்தில் ஏன் அத்தனை முக்கோணம் என்று அன்றைக்கு மாலை பேருந்தில் போகும்போது அவளே கேட்டாள்.

தீப்பெட்டி வாங்கும்போது கவனம். நம்மூர்க் கடைகளில் நிறைய மெழுகுக் குச்சிதான். அது வளையும், ரப்பருக்குள் நுழையாது. மரக்குச்சி என்று கேட்டு, பெட்டியைத் திறந்து பார்த்து வாங்குங்கள்.

இதோடு தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ மாத இதழுக்குச் சந்தா கட்டிவிடுங்கள். சிறுவர்களுக்கான தமிழ் அறிவியல் இதழ். வீட்டுக்குத் தன் பெயரில் ஒரு தபால் வருகிறது என்பதே பள்ளிக்குப் போகாத பிள்ளைக்குப் பெரிய விஷயம்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற கணினிச் செயல்விளக்கங்கள் இருக்கின்றன. மின்சுற்று, பின்னம், ஊசல் என்று பல தமிழிலும் கிடைக்கும். மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்து, கோப்பைப் பதிவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும். சில கலைச்சொற்கள் நம் பாடநூலோடு ஒத்துப்போகாது, அவ்வளவுதான் குறை.

7. வாசலில் இருக்கும் மரம்

சீசன்வாட்ச் என்பது மரங்களைப் பார்த்துக் குறிக்கும் திட்டம். ஒரு மரத்தைத் தேர்ந்து பதிவுசெய்து, வாரம் ஒருமுறை அதில் தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம் எல்லாம் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறிக்க வேண்டும். வேம்பு, புங்கை, புளி, மா, பலா, சரக்கொன்றை எல்லாம் பட்டியலில் உண்டு. கட்டணம் இல்லை, ஐந்து நிமிட வேலை.

நாங்கள் எடுத்தது வாசல் புங்கை. மாசியில் மொட்டையாக நின்றது, பங்குனியில் பளபளவென்று தளிர்த்தது. அடுத்த வருடம் அதே மாதம் வந்தபோது அவள் போன வருட நோட்டை எடுத்து, ஒன்பது நாள் முன்னதாகத் தளிர்த்திருக்கிறது என்றாள். பதிவு, ஒப்பீடு, வரைபடம் எல்லாம் இதிலேயே வந்துவிட்டது. இரண்டு வாரம் விட்டுப்போனாலும் கைவிடாதீர்கள். நான்கு மரத்தை எடுத்துக்கொண்டு தொடங்குபவர்கள்தான் பாதியில் விடுகிறார்கள்.

8. செலவு

பெட்டிக்குக் கொடுத்ததைக் கழித்துவிட்டு, முதல் வருடம் எங்களுக்கு ஆனது:

- அச்சும் ஸ்பைரல் பைண்டிங்கும்: 2,900 ரூபாய்
- மணி, டியூப், தீக்குச்சி, பசை, அட்டை: 650
- புத்தகக் காட்சியில் கதைப் புத்தகங்கள்: 1,800
- நோட்டு, வண்ணம்: 900
- நூலகத்துக்குப் போய்வந்த பேருந்துச் செலவு: 1,100

அச்சில்தான் காசு கரைகிறது. இருபக்கமும் கறுப்பு வெள்ளையில், கதைகளை ஒரு தாளில் நான்கு பக்கமாக அடிக்கச் சொல்லுங்கள். முழு நூலையும் ஒரே நாளில் அடிக்காதீர்கள், மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அடியுங்கள். பிடிக்காமல் போனால் நட்டம் கொஞ்சம்தான். கதைப் புத்தகங்களைப் புத்தகக் காட்சிவரை தள்ளிப்போட்டால் பத்து சதவீதம் மிச்சம். சென்னையில் ஜனவரி வாக்கில், ஈரோட்டில் ஆகஸ்டில் நடக்கும். இப்போது மாவட்டத்துக்கு ஒன்று வந்துவிட்டது. மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பகுதி அருமை. நாங்கள் மாதம் ஒருமுறை புளிசாதம் கட்டிக்கொண்டு போய்விடுவோம்.

9. தேர்வு என்று ஒன்று வேண்டுமென்றால்

மூன்று வழி எனக்குத் தெரியும். முதலாவது, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் திறந்தநிலை அடிப்படைக் கல்வி. ஏ, பி, சி என்று மூன்று நிலை, முறையே 3, 5, 8ஆம் வகுப்புக்குச் சமம். அவர்களிடம் அங்கீகாரம் பெற்ற நிலையங்கள் வழியாகத்தான் சேர வேண்டும். இரண்டாவது, தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். அறிவிப்பு நாளிதழில் வரும், விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாள்கள் குறைவு. இரண்டு வாரம் செய்தித்தாள் பார்க்காமல் விட்டால் அடுத்த வருடம்தான்.

மூன்றாவது, திறந்தநிலைப் பள்ளியில் நேரே பத்தாம் வகுப்பு. 14 வயது நிறைந்திருந்தால் போதும். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை என்றாலும், படிக்கும் அளவுக்கு அறிவு இருக்கிறது என்று நாமே கையெழுத்திடும் உறுதிமொழி ஏற்கப்படும். ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். பதிவு ஐந்து வருடம் செல்லும், எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. அடுத்த ஏப்ரல் தேர்வுக்கான சேர்க்கை வழக்கமாக மார்ச் நடுவில் தொடங்கி ஜூலை கடைசிவரை. அதற்குப்பின் தாமதக் கட்டணம். வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கு 20 சதவீத மதிப்பெண். பலர் அதை அனுப்ப மறந்து நல்ல மதிப்பெண்ணைத் தொலைக்கிறார்கள்.

இங்கே இரண்டு பொறிகள். கணக்கு, அறிவியல் கட்டாயம் இல்லை என்று ஓவியம், மனையியல், தரவு உள்ளீடு என்று எளிதாக எடுத்துவிடலாம். ஆனால் பின்னால் பதினொன்றில் அறிவியல் பிரிவோ பாலிடெக்னிக்கோ கேட்டால் கதவு மூடியிருக்கும். அடுத்து, ‘பாஸ் உத்தரவாதம்’ என்று தட்டி வைத்திருக்கும் பயிற்சி நிலையங்கள். எங்களிடம் ஒன்று 25,000 கேட்டது. விண்ணப்பம் இணையத்தில், நாமே செய்யலாம், கட்டணத்தை நேரே நிறுவனத்துக்கே கட்டலாம்.

கடைசியாக, பெயர். நம்மூரில் ஆதாரில் முன்னெழுத்து ஒட்டியிருக்கும், பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர் இருக்கும், டி.சி.யில் முன்னெழுத்து பின்னால் போயிருக்கும். வடக்கே எழுதப்பட்ட படிவத்துக்கு இது மூன்றும் மூன்று ஆள். மகளின் பெயரை ஒன்றாக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. மார்ச்சில் சேர்க்கை என்றால் தீபாவளிக்கு முன்பே எல்லாக் காகிதத்தையும் மேசையில் விரித்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பாவின் பெயரையும்தான்.